ஒரு படத்தில் மட்டும் இருந்த புள்ளி

ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினொன்றே கால் மணிக்கு, அலுவலகத்தின் ஜன்னல் கண்ணாடிகள் ஒருமுறை அதிர்ந்து அடங்கின. அந்த ஊரில் அப்படிச் சத்தம் கேட்டால் யாரும் என்ன சத்தம் என்று கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். பெர்லினுக்கு வடக்கே கால்வாய்க்கரையில் இருக்கிற ஊர் அது. போர் முடிகிற வருஷம் அமெரிக்க விமானங்கள் வந்து கொட்டிவிட்டுப் போன குண்டுகளில் வெடித்தது போக மிச்சம் இன்னும் மண்ணுக்கடியில் கிடக்கிறது. அதன் மேல்தான் மக்கள் வீடு கட்டி, தக்காளி போட்டு, துணி காயப்போட்டு வாழ்கிறார்கள்.

"பிர்க்கன் தெருப் பக்கம்," என்றார் ஆக்செல். மண்ணுக்கடியில் குண்டு தேடும் அந்த அலுவலகத்தின் முதலாளி அவர்.

அங்கே பழைய படங்களைப் பார்க்கிறவள் ரோஸ்வித்தா லுப்கே. பிர்க்கன் தெரு பதினேழாம் எண் மனைக்கு "குண்டுச் சந்தேகம் இல்லை" என்று ஏப்ரலில் கையெழுத்துப் போட்டவள் அவள். 

மத்தியானத்துக்குள் சேதி வந்துவிட்டது. பதினேழில் புது வீட்டுக்கு அடித்தளம் தோண்டிக்கொண்டிருந்த மண் அள்ளும் இயந்திரம் தூக்கி எறியப்பட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதை ஓட்டிய யென்ஸ் பானோவ் அந்த இடத்திலேயே இறந்துபோனார். நாற்பத்தோரு வயது. அதே ஊர்க்காரர். தோண்டலாம் என்று காகிதம் சொன்னதால் தோண்டினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

ரோஸ்வித்தாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. வாழ்நாளில் முக்கால் பங்கை இரண்டு படங்களுக்கு நடுவே கழித்தவள். அது என்ன பிழைப்பு என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன், இல்லாவிட்டால் அவள் செய்த தப்பு விளங்காது.

விமானம் நேர்க்கோட்டில் பறந்துகொண்டே சில நொடிக்கு ஒரு தடவை கீழே இருக்கும் தரையைப் படம் எடுக்கும். அடுத்தடுத்த இரண்டு படங்களை எடுத்து, இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என்று கருவிக்குள் வைத்துப் பார்த்தால் காகிதம் எழுந்துகொள்ளும். மரம் உயரும், பள்ளம் தாழும், மாதாகோவில் கோபுரம் மூக்கில் குத்துகிற மாதிரி மேலே வரும். எல்லோர் கண்ணுக்கும் இப்படி எழாது. இரண்டு கண்ணும் நன்றாக இருந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவர்கள் நம்மில் நிறையப் பேர். பத்தொன்பது வயதில் அவள் ட்ரெஸ்டனுக்குப் பயிற்சிக்குப் போனபோது, முதல் நாள் கண் சோதனையிலேயே ஏழெட்டுப் பேரைப் பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். ரோஸ்வித்தாவுக்குக் கருவியில் கண் வைத்த மாத்திரத்தில் மலை எழுந்தது. "ஐயோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லி இரண்டு வருஷம் அவளைக் கேலி செய்தார்கள்.

கருவிக்குள் ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளி ஒன்று தெரியும். இரண்டு கைக்கும் இரண்டு சக்கரம், காலுக்கு ஒரு சக்கரம். அவற்றைச் சுழற்றி அந்தப் புள்ளியைத் தரை மேல் உட்காரவைத்து, ஒரே உயரத்தில் மலையைச் சுற்றி நடத்திக்கொண்டே போக வேண்டும். அது போன தடம்தான் வரைபடத்தில் கோடாக விழும். புள்ளி தரைக்கு மேல் மிதந்தாலும் தப்பு, தரைக்குள் முங்கினாலும் தப்பு. எட்டு மணி நேரம் இப்படி மலை சுற்றிவிட்டு வெளியே வந்தால், பஸ் நிறுத்தத்தில் நிற்கிற ஆட்களே தட்டையாகத் தெரிவார்கள்.

ஒவ்வொரு கருவிக்கு மேலும் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். இரண்டு படத்திலும் இருந்தால் அது நிலத்தில் இருக்கிறது. ஒரு படத்தில் மட்டும் இருந்தால் அழுக்கு, விட்டுவிடு. நூலிழை, கீறல், கழுவும்போது ஒட்டிய நீர்க்குமிழி, எல்லாம் படத்தில் ஏதோ மாதிரித் தெரியும். அவளோடு வேலை பார்த்த ஒருத்தி ஒரு கொசுவின் காலைப் பார்த்து, ஆறே இல்லாத ஊருக்கு அழகாக ஒரு பாலம் வரைந்து கொடுத்துவிட்டாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் பெயர் பாலம்தான். ரோஸ்வித்தா அந்த மாதிரி ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை. மாடு நகரும், கார் நகரும், அவற்றைப் பிடித்துவிடலாம். மண் நகராது. சில நொடிக்குள் மண்ணில் புதிதாக எதுவும் முளைத்துவிடாது.

அந்தக் காலத்துக் கிழக்கு ஜெர்மனியில் இன்னொரு கூத்தும் உண்டு. அணுவளவும் பிசகாமல் வரைந்த படம் ராணுவத்துக்கும் கட்சிக்காரர்களுக்கும் போய்விடும். பொதுமக்களுக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் அதிலேயே கொஞ்சம் கோணல் செய்து ஒரு பிரதி. ரோட்டு வளைவை நிமிர்த்து, இந்த ஓடையை அந்தப் பக்கம் தள்ளு, எல்லையோரத்தை வெள்ளையாக விடு. எதிரி குழம்ப வேண்டுமாம். எதிரி மேலே சொந்த விமானத்தில் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். குழம்பியவர்கள் காளான் பறிக்கப் போன குடும்பங்கள்தான். ரோஸ்வித்தா அந்தக் கோணலையும் நேர்த்தியாகவே செய்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண் என்று நல்ல பெயர்.

சுவர் இடிந்தது, நாடு போயிற்று, அலுவலகத்தை மூடினார்கள். மேற்கே வேலை தேடிப் போன கணவன் அங்கேயே வேறொரு வீட்டையும் தேடிக்கொண்டான். மூன்று வருஷம் பல்பொருள் கடையில் பெட்டிகளை அடுக்கினாள். அப்போதுதான் மேற்கிலிருந்து வந்த இளம் பொறியாளர் ஆக்செல், பழைய போர்க்காலப் படங்களை வைத்துக் குண்டு தேடும் அலுவலகம் ஒன்று திறந்து, கண் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று கேட்டார். ரோஸ்வித்தா போய் உட்கார்ந்தாள். இருபது வருஷம் எழுந்திருக்கவில்லை. அந்த இருபது வருஷமும் ஆக்செல் அவளை "ஃப்ராவ் லுப்கே, நீங்க" என்றே கூப்பிட்டார். அவளும் அப்படியே. ஃப்ராவ் என்றால் திருமதி. அவர்கள் வழக்கம் அது. அதில் பகையும் இல்லை, பாசமும் இல்லை.

வெடித்த குண்டின் பள்ளம் படத்தில் அரைக்கண்ணனுக்கும் தெரியும். வெடிக்காத குண்டு மண்ணுக்குள் புகுந்துவிடும். மேலே விடுவது ஒரு வாளி அளவு ஓட்டைதான். ஆறாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் அது ஒரு தூசி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தத் தூசியைத் தேட வேண்டும். தென்பட்டால், படத்தின் மேல் விரித்த கண்ணாடித் தாளில் சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம். இல்லை என்று தீர்ந்தால் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, போய்விடும். வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து அவளுடைய வலது கட்டைவிரல் நுனி எப்போதும் சிவந்தே இருக்கும்.

"ரோஸி, விரல்ல என்ன, வேலை நேரத்துல ஜாமைத் திருடித் தின்னியா?" என்பார் டெட்மன். அரசாங்கத்துக் குண்டு அகற்றும் ஆள் அவர். அந்த மண்ணிலேயே பிறந்த உள்ளூர்க்காரர், எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார்.

"நீ தோண்டுற குழியில விழுந்து சாகாம இருக்கத்தான் இந்த விரல் இப்படி இருக்கு. வாய மூடிட்டுப் போ," என்பாள்.

அவள் குறித்த இடத்தில் இதுவரை அறுபத்து மூன்று குண்டுகளை டெட்மன் எடுத்திருந்தார். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். யார் வட்டம் போட்ட இடத்தில் குண்டு கிடைக்கிறதோ அவர்தான் மறுநாள் கேக் கொண்டுவர வேண்டும். அங்கெல்லாம் பிறந்த நாளுக்கும் பிறந்தவர்தான் கேக் சுட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கிறார். அந்தக் கணக்குத்தான் இதுவும். ரோஸ்வித்தா அறுபத்து மூன்று தடவை பிளம்ஸ் பழக் கேக் சுட்டிருந்தாள். மற்றவர்கள் அந்தக் கேக்கில் சலித்துப்போய் "வேற யாராவது ஒரு குண்டு கண்டுபிடிங்களேன்" என்று கெஞ்சுவார்கள்.

இப்போது ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன்.

பதினேழாம் எண் மனைக்குக் கிடைத்த படங்கள் நல்லவை அல்ல. குண்டு வீச்சு நடந்துகொண்டிருக்கும்போதே விமானத்திலிருந்து எடுத்தவை. பாதிப் படத்தைப் புகை மூடியிருந்தது. மனை புகையில்லாமல் தெரிந்தது ஒரே ஒரு ஜோடியில், முப்பத்தொன்றாம் படமும் முப்பத்திரண்டாம் படமும். இரண்டுக்கும் நடுவே ஆறு நொடி. முப்பத்திரண்டில், மனையின் மூலையில் நின்ற ஆப்பிள் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. வட்டம் போட்டாள். பிறகு முப்பத்தொன்றைப் பார்த்தாள். அங்கே புல் மட்டும் இருந்தது. துடைத்துப் பார்த்தாள், உருப்பெருக்கியை மாற்றிப் பார்த்தாள், விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். புல்தான். அடுத்த வாரம் எடுத்த படத்தைத் தேடி எடுத்தாள். அதில் மூலை முழுக்கப் பக்கத்து வீட்டு இடிபாடு குவிந்து கிடந்தது. முக்கால் மணி நேரம் அந்தப் புள்ளியோடு உட்கார்ந்திருந்தாள். அவசரத்தில் பார்த்திருந்தால் பிற்பாடு மனசாட்சிக்குச் சொல்ல ஒரு சாக்காவது இருந்திருக்கும். ஒரு படத்தில் மட்டும் இருக்கிறது, எனவே அழுக்கு. கட்டைவிரலால் தேய்த்தாள்.

யென்ஸ் பானோவ் இறந்த மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்பாக வந்து அந்த ஜோடியை மறுபடி எடுத்து வைத்தாள். புள்ளி அங்கேயே இருந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் மனையைப் பார்க்கவில்லை, சுற்றிலும் பார்த்தாள். கால்வாய்க்கு அக்கரையில் ஒரு கிடங்கு. முப்பத்தொன்றில் அதன் கூரை முழுசாக இருந்தது. முப்பத்திரண்டில் கூரையிலிருந்து புகை கிளம்பியிருந்தது. ஆறு நொடிக்குள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வானத்திலிருந்து குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போது எடுத்த படங்கள் இவை. அந்த ஆறு நொடியில் அந்தத் தோட்டத்தில் ஒன்று வந்து இறங்கியிருக்கலாம். முதல் படத்தில் புல் இருந்தது உண்மை. இரண்டாவதில் ஓட்டை இருந்ததும் உண்மை. நாற்பத்து நாலு வருஷமாக மண் நகராது என்று நம்பியே கோடு போட்ட கை, மண் நகர்ந்துகொண்டிருந்த நாளின் படத்தையும் அதே கணக்கில் பார்த்துவிட்டது. 

ஆக்செல் வந்ததும் அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வெடிச்ச இடம் இந்தப் புள்ளியிலேர்ந்து ஏழு மீட்டர் தள்ளி இருக்கு, ஃப்ராவ் லுப்கே. நேத்தே போய் அளந்துட்டு வந்தேன்."

"மணல்ல குண்டு நேரா இறங்காது. உள்ள போய்த் திரும்பும். உங்களுக்கே தெரியும்."

"திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம். இது தூசியாவே இருக்கலாம். அது வேற குண்டா இருக்கலாம். அரசு வக்கீல் கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணு. விதிப்படி பாத்தீங்களா? பாத்தீங்க. தாள்ல ஏதாவது குறிச்சிருக்கா? இல்ல."

"குறிச்சேன். அழிச்சிட்டேன்."

ஆக்செல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை நான் கேக்கவே இல்ல," என்றார்.

"இன்னொண்ணு இருக்கு," என்று அவள் அளவுகோலை எடுத்தாள். ஒரு விமானம் போடுகிற குண்டுகள் வரிசையாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் விழும். கால்வாய்க்கரையில் இரண்டு பள்ளங்கள், நடுவே இருபத்து நாலு மீட்டர். இரண்டாவது பள்ளத்திலிருந்து அவளுடைய புள்ளிக்கும் இருபத்து நாலு. அதே கோட்டில் இன்னும் ஓர் இருபத்து நாலு போட்டால் பென்சில் முனை இருபத்தொன்றாம் எண் வீட்டில் போய் நின்றது. அந்த இடம் இரண்டு படத்திலும் புகைக்குள் இருந்தது.

"நோவாக் கிழவரோட கராஜ்," என்றாள்.

"அங்க குண்டு இருந்தா!"

"இருந்தா, அதோட வெடிதிரி எழுபது வருஷமா உள்ளுக்குள்ள அமிலத்துல அரிச்சுக்கிட்டு இருக்கு. நேத்து பக்கத்துல வெடிச்சதுல அதுவும் குலுங்கியிருக்கும். என்னைக்கு வேணா போகும்."

ஆக்செல் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் அல்ல அவர். பதினோரு பேர் அவரை நம்பிச் சாப்பிடுகிறார்கள். மெதுவாகச் சொன்னார்: "அங்க தோண்டணும்னா காரணம் எழுதணும். காரணம்னா இந்தப் புள்ளி. எழுதிட்டா, நீங்க பாத்தது ஊருக்குத் தெரிஞ்சிடும். தோண்டி ஒண்ணும் கிடைக்கலைன்னா புள்ளி தூசி, நீங்க நிம்மதியா ஓய்வுக்குப் போகலாம். கிடைச்சிடுச்சுன்னா... நல்லா யோசிச்சுக்கோங்க. ரெண்டு நாள் எடுத்துக்கோங்க."

விஷயம் அவ்வளவுதான். குண்டு இருந்தால் நோவாக் பிழைப்பார், பானோவைக் கொன்றது ரோஸ்வித்தாவின் கட்டைவிரல் என்று ஆகும். குண்டு இல்லாவிட்டால் அவள் தப்பித்தாள். பத்தில் ஒன்பது பங்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நடமாடினாள். அவள் ஒன்றும் தியாகி இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று நினைத்தாள், பலமுறை நினைத்தாள். எழுபது வருஷம் சும்மா இருந்தது இன்னும் எழுபது வருஷம் இருக்காதா? ஒன்றும் எழுதாமல் ஓய்வு வாங்கிக்கொண்டு ஹாம்பர்க்கில் மகள் வீட்டுப் பக்கம் போய்விட்டால்?

இரண்டாம் நாள் சாயங்காலம் கால்கள் தானாகப் பிர்க்கன் தெருவுக்குப் போயின. பதினேழைச் சுற்றித் தடுப்புத் துணி. இருபத்தொன்றில் நோவாக், எண்பது வயது, அரைக்கால் சட்டையோடு கராஜ் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா முறைச்சுப் பாக்குற? செர்ரிப் பழத்த எண்றியா? இந்த வருஷம் எல்லாத்தையும் பறவை தின்னுடுச்சு. உனக்கு ஒண்ணும் கிடையாது."

"சும்மா நடந்து வந்தேன்."

"அன்னைக்கு வெடிச்சப்போ எங்க இருந்தேன் தெரியுமா? இந்த கராஜுக்குள்ளதான். காருக்கடியில படுத்திருந்தேன். மனுஷன் அங்க செத்துப்போனான், எனக்கு இங்க ஆணி டப்பா மேல விழுந்துச்சு. என்ன நியாயம் சொல்லு." குழாயை அவள் கால்பக்கம் பீய்ச்சிவிட்டுச் சிரித்தார். "நாளைக்கும் அதுக்கடியிலதான் படுத்துக்கிடப்பேன். சைலன்சர் போச்சு."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ரோஸ்வித்தா அறிக்கையைத் தட்டச்சு செய்தாள். ஏப்ரலில் புள்ளியைக் கண்டேன், குறித்தேன், ஒரு படத்தில் மட்டும் இருந்ததால் நீக்கினேன், அது தவறு. நான்கு வரி. ஆக்செல் படித்துவிட்டு முத்திரை வைத்தார்.

டெட்மனின் ஆட்கள் கராஜ் தரையை உடைத்துத் துளைகள் போட்டுக் கருவியை இறக்கினார்கள். நாலு மீட்டருக்குக் கீழே இரும்பு என்றது கருவி.

"இரும்பா? அது எங்கப்பாவோட சைக்கிள்!" என்று குதித்தார் நோவாக். "ரஷ்யாக்காரன் வந்து புடுங்கிட்டுப் போயிடுவான்னு நாப்பத்தஞ்சுல புதைச்சாரு. எங்கன்னு சொல்லாமலே செத்துட்டாரு. எடுத்துக் குடுங்க, ஓட்டிப் பாக்குறேன்."

"நாலு மீட்டர் ஆழத்துலயா?" என்றார் டெட்மன். "உங்கப்பா சைக்கிளப் புதைச்சாரா, அதுல ஏறி ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்வித்தா சிரிக்கவில்லை. சைக்கிளாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். கோவில் குளம் அறியாதவள், அந்தத் துருப்பிடித்த சைக்கிளை நினைத்து உருகினாள். ஒரு மனிதனின் வீட்டுக்கடியில் குண்டு இல்லாமல் போகட்டும் என்று கேட்பது நல்ல எண்ணம்தானே என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள். எதற்காகக் கேட்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஜூலை மாத முதல் வியாழக்கிழமை ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்கு ஊரைக் காலி செய்தார்கள். ரோஸ்வித்தாவின் வீடும் அதற்குள்தான். காலை எட்டு மணிக்கே பஸ்கள் வந்து, பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில் எல்லோரையும் இறக்கிவிட்டன. ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். சீட்டுக்கட்டு, பின்னல் ஊசி, பூனைக் கூடை, மருந்து டப்பா என்று ஆளுக்கொரு பையோடு வந்திருந்தார்கள். பட்டாணி சூப்பின் மணம். நோவாக் ஒரு மூலையில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, இதுக்கு முந்தி காலி செய்தபோது கொடுத்த சூப்பில் சாசேஜ் பெரிதாக இருந்தது என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

ரோஸ்வித்தா சுவரோரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு பெண் இரண்டு சூப்புக் கிண்ணங்களோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றை அவளிடம் நீட்டினாள்.

"காலையிலேர்ந்து நீங்க எழுந்திருக்கவே இல்ல. இதைக் குடிங்க."

நாற்பதுக்குள் இருக்கும். ஜூலை வெயிலிலும் ஆண்பிள்ளை மேல்சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள், கை நீளம் விரல் வரை தொங்கியது. நெஞ்சில் கட்டுமானக் கம்பெனியின் பெயர். ரோஸ்வித்தாவுக்கு முகம் தெரிந்தது. சாவு அறிவிப்போடு செய்தித்தாளில் வந்த படம். இறந்துபோன யென்ஸின் மனைவி, யானா பானோவ்.

எழுந்து போய்விட வேண்டும் என்று தோன்றியது. கிண்ணம் கையில் இருந்தது.

"சாதாரணமா இந்த மாதிரி நாள்ல எங்க வீட்டுக்காரர் சீட்டாடுவாரு," என்றாள் யானா. "தோத்துட்டு வந்து, ஜெயிச்சேன்னு பொய் சொல்லுவாரு. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும். நல்லாப் பொய் சொல்லத் தெரியாது." கொஞ்ச நேரம் சூப்பைக் கிளறினாள். "வீட்ல இருந்தா சுவரைப் பாத்துட்டு இருப்பேன். இங்க நாலு பேர் சண்டை போடுறாங்க, பரவாயில்ல."

"ஆமா," என்றாள் ரோஸ்வித்தா. 

இருவரும் அப்படியே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். யானா நடுவில் தூங்கிப்போனாள். அவள் தலை சரிந்து ரோஸ்வித்தாவின் தோளில் விழுந்தது. ரோஸ்வித்தா அசையவில்லை. சைக்கிள், சைக்கிள் என்று மனசு அடித்துக்கொண்டது.

மூன்றே முக்காலுக்கு அரங்கின் கதவு திறந்து டெட்மன் உள்ளே வந்தார். முழங்கால் வரை ஈர மணல். ஒலிபெருக்கி எதுவும் கேட்காமல் வாசலில் நின்றே கத்தினார்.

"இருநூத்தம்பது கிலோ! திரி எடுத்தாச்சு! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

கைதட்டல் எழுந்தது. யானா விழித்துக்கொண்டாள். டெட்மன் கூட்டத்தில் தேடி ரோஸ்வித்தாவைக் கண்டுபிடித்து வந்து, குரலைத் தாழ்த்தி, "கராஜ்ல நீ குறிச்ச இடத்துலேர்ந்து அரை மீட்டர்தான், ரோஸி. திரி நூல் அளவுக்கு மிச்சம் இருந்துச்சு. இன்னும் ரெண்டு வாரம் தாங்கியிருக்காது," என்றார். அவருக்கு அறிக்கையில் இருந்தது தெரியும். அவள் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்.

நோவாக் விடுவாரா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "இந்த அம்மாதான்! என் கராஜுக்குக் கீழ கெடந்தத எழுபது வருஷத்துப் படத்துல கண்டுபிடிச்சவங்க இவங்கதான்! நான் செர்ரி தரமாட்டேன்னு சொன்னேன், எல்லாரும் கேட்டுக்கங்க, அடுத்த வருஷம் மரத்தோட உங்களுக்கு!" குரல் உடைந்து, கிழவர் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார். மறுபடி கைதட்டல். யாரோ பின்னாலிருந்து "நாளைக்கு ஆபீஸ்ல பிளம்ஸ் கேக்குடா" என்று கத்தினார்கள்.

கூட்டம் பஸ்ஸை நோக்கிக் கலைந்தபோது யானா மட்டும் போகவில்லை. ரோஸ்வித்தாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் கோபம் இல்லை. ஒருவிதமான மரியாதை இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"நீங்களா அது? இவ்வளவு நேரம் சொல்லவே இல்லையே," என்றாள். "பதினேழையும் உங்ககிட்டயே குடுத்திருக்கக் கூடாதா? எந்தக் குருட்டு ஆளுகிட்ட குடுத்தாங்களோ."

ரோஸ்வித்தா சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். அறிக்கை வக்கீலிடம் போய், செய்தித்தாளுக்குப் போய், யானா கைக்கு வர ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் ஹாம்பர்க்.

"பதினேழையும் நான்தான் பாத்தேன்," என்றாள்.

யானா புரியாமல் பார்த்தாள்.

"ஏப்ரல்ல. அந்த இடத்துல ஒரு புள்ளி இருந்துச்சு. ஒரு படத்துல இருந்துச்சு, இன்னொண்ணுல இல்ல. ஒண்ணுல மட்டும் இருந்தா அழுக்குன்னு விட்டுடறது வழக்கம். அது அழுக்கு இல்ல. அந்த நேரத்துலதான் அது விழுந்திருக்கு. இன்னைக்கு இந்தக் குண்டு கிடைச்சது, அந்தப் புள்ளியிலேர்ந்து கோடு போட்டுத்தான்."

"அப்போ உங்க கண்ணுல பட்டுச்சு."

"பட்டுச்சு. வட்டம் போட்டேன். அப்புறம் அழிச்சிட்டேன்."

அரங்கில் நாற்காலிகளை மடக்கி அடுக்குகிற சத்தம்.  யானா, வீட்டில் ஏதோ சாமான் உடைந்துபோனால் கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டாள்:

"எதால அழிச்சீங்க?"

ரோஸ்வித்தா வலது கையைத் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினாள். நுனியில் சிவப்பு இருந்தது.

யானா அதைப் பார்த்தாள். நீளமான சட்டைக்கைக்குள்ளிருந்து தன் கையை வெளியே எடுத்து, அந்த விரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். மூடி, இறுக்கினாள். வெளியே கடைசி பஸ்ஸின் ஓட்டுநர் இரண்டு தடவை ஒலி எழுப்பினார். விரலில் எலும்பு வரை வலி ஏறியது. ரோஸ்வித்தா கையை இழுத்துக்கொள்ளவில்லை. யானா விடவும் இல்லை.